தலையில் அடிபட்ட பிள்ளைக்குக் கணக்கு

லயத்துப் படியில் வழுக்கித் தலை அடிபட்ட பிள்ளை, வெளியே காயமே இல்லாவிட்டாலும் வாய்ப்பாட்டில் தடுமாறலாம். மூளை அதிர்ந்திருக்கிறது, சோம்பேறி என்று ஏசாதீங்க. முதலில் டாக்டரிடம் காட்டுங்க. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

முதல் 2 நாள் ஓய்வு. போன், டிவி குறையட்டும். பிறகு தினமும் 10 நிமிடம் கணக்கு. மனக்கணக்கு வேண்டாம், தாளில் எழுதட்டும். அம்மா எடுத்த கொழுந்து காலை 7 கிலோ, பகல் 6, மாலை 5, மொத்தம் எவ்வளவு? அது சுலபமாக வந்த பிறகு, சாக்குக்கும் தண்ணிக்கும் 2 கிலோ கழித்தால் மிச்சம்? (இந்தக் கழிவுக் கணக்கு பெரியவங்களுக்கும் தெரிந்திருக்கணும்.) தலைவலி கூடினால் கொப்பியை மூடுங்க.

பெரும்பாலான பிள்ளைகள் 4 கிழமைக்குள் தேறிடுவாங்க. தேறாவிட்டால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்க. டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லி, சோதனைக்குக் கூடுதல் நேரம் கேளுங்க.