செஞ்சி மலையேற ஆயத்தம்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பாட்டிமார் சொல்லும் பழமொழி. செஞ்சிக் கோட்டைக்கு மூன்று நாள் பயணம் என்று சிஸ்டர் அறிவித்த அன்று எங்களுக்கு அணை நினைவு வரவில்லை. புதுக் காலணியும் புகைப்படமுந்தான் நினைவுக்கு வந்தன. ஆயத்தம் என்பது என்ன என்று பிறகே கற்றோம். அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் தங்கையருக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடத்தை அறிய வேண்டும். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இக்கோட்டை, இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராத்தியர் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இஃது ஒன்றே. இராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவு குறுக்கிடும். அதன்மேலுள்ள பாலத்தைக் கடந்தால்தான் உச்சி. சுற்றிலும் பாறையும் முட்புதர்க் காடுமே.

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ரயில். அங்கிருந்து செஞ்சிக்கு 28 கிலோமீட்டர் சைக்கிள். இரண்டாம் நாள் இராஜகிரி. மூன்றாம் நாள் கிருஷ்ணகிரியும், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள திருநாதர்குன்றும். இதுவே எங்கள் திட்டம். சைக்கிள்களை முன்னதாக வேனில் கொண்டுசெல்லவும், சாலையில் எங்கள் பின்னே வரவும் பெற்றோர் சிலர் ஒப்புக்கொண்டனர்.

சைக்கிள் பயிற்சிக்குச் சனிக்கிழமை விடியற்காலையில் மாடம்பாக்கம், அகரம்தென் வழியாகச் சென்று வந்தோம். வரிசையாக ஓட்டவும், பஞ்சர் ஒட்டவும், கழன்ற செயினை மாட்டவும் பழகினோம்.

மலைப் பயிற்சிக்குப் பரங்கிமலை. அதன் உயரம் சுமார் 300 அடி. அதாவது, இராஜகிரி ஒருமுறை ஏறுவது பரங்கிமலையை ஏறக்குறைய மூன்று முறை ஏறுவதற்குச் சமம். முதல் நாளே எங்களுக்குள் போட்டி மூண்டது. யார் முதலில் ஆலயத்தை எட்டுவது என்று சிலுவைப்பாதை நிலையங்களைக்கூடப் பாராமல் ஓடினோம். மேலே போய்ச் சிரித்துக்கொண்டு நின்றபோது சிஸ்டர் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

எண்ணிப் பார்த்தோம். ஒருத்தி குறைந்தாள்.

பாதி வழியில் படியோரம் அமர்ந்திருந்தாள். காலை உணவு உண்ணாமல் வந்திருந்தாள். புதுக் காலணி கடித்துக் குதிகாலில் கொப்புளம். "நான் செஞ்சிக்கு வரலை, என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்று அழுதாள். அவள் கூப்பிட்டிருக்கிறாள், எங்கள் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. அதைக் கேட்டபோது நாங்கள் தலைகுனிந்தோம். அதே மலையில் அன்றே ஒரு விதி செய்துகொண்டோம்: மெதுவாக நடப்பவளே முன்னால் செல்வாள், அவள் நடைதான் எல்லாருக்கும் நடை.

வரலாறும் எங்களுக்கு இதையே சொல்லிற்று. 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்தான். மலைமேல் நீரும் அடிவாரத்தில் பெரிய களஞ்சியங்களும் இருந்தன. அதே கோட்டையை 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. மதில் அதே மதில்தான். காப்பவர் ஆயத்தமே வேறு!

இனி, பையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும், கடலைமிட்டாய், ஒரு வேளைக்குப் புளியோதரை, தொப்பி, டார்ச், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. பெண்களுக்கு வேண்டியவற்றைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. காலணி ஒரு மாதமாவது பழகியதாக இருக்கட்டும். குரங்குகள் மிகுதி, தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள். பாறை கொதிக்குமுன் ஏற, காலை இருட்டோடு எழுந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். பொங்கலுக்குப் பின் செல்வதே நன்று.

அப்படியே நாங்களும் தை மாதத்தில் சென்றோம். வழியில் ஆறு இடங்களில் நின்றோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிளவின்மேலுள்ள பாலத்தில் முதலில் கால் வைத்தவள், பரங்கிமலைப் படியில் அழுத எங்கள் தோழியே. உச்சியில் சிஸ்டர் மறுபடியும் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

இம்முறை எண்ணிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.