நூற்றுக்கு எத்தனை?
நோய்ப் பரிசோதனைக் கணக்கை அறியும் முறை

தமிழ்நாட்டில் கொரோனா நோய் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள். நோயுற்றவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரம் வாசி. அதன்பின் கிராமந்தோறும் எழுந்த கேள்வி, “இன்று நம் ஊரில் எத்தனை பேர்?” என்பதே. இது பாதிக் கேள்விதான். எத்தனை பேரைப் பரிசோதித்ததில் அத்தனை பேர் என்று கேட்பதே முழுக் கேள்வியாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் ஊரில் 200 பேரைப் பரிசோதித்ததில் 10 பேருக்கு நோய், நூற்றுக்கு 5. அடுத்த ஊரில் 40 பேரைப் பரிசோதித்ததில் அதே 10 பேருக்கு நோய், நூற்றுக்கு 25. பட்டியலில் இரண்டும் சமம். ஆயினும் இரண்டாவது ஊரில் காய்ச்சல் முற்றியவர்கள் மட்டுமே பரிசோதனைக்கு வந்திருக்கக் கூடும். இலேசான இருமலுடன் தறியில் அமர்ந்திருப்போர் கணக்கில் ஏறவில்லை. பரிசோதனை முகாம் முதலில் நடைபெற வேண்டிய ஊர் அதுவே.

இம்முறை நமக்குப் புதிதன்று. 1958-இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில், எடுத்த இரத்தப் பூச்சுகளில் நூற்றுக்கு எத்தனையில் கிருமி இருந்தது என்று கணக்கிட்டார்கள். அத்துடன், ஆண்டுதோறும் மக்கள் தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கேனும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றும் வகுத்திருந்தார்கள். போதிய பேரைப் பாராமல் எடுக்கும் விகிதம் ஏமாற்றும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

கட்டுப்பாடுகளைத் தளர்த்துமுன், பரவலாகப் பரிசோதித்து, இரண்டு வாரங்களாவது விகிதம் 5-க்குக் கீழ் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கூறிற்று. ஒரு வாரம் 10-ஐ எட்டினாலோ, படுக்கைகளில் நூற்றுக்கு 60-க்கு மேல் நிரம்பினாலோ தீவிரக் கட்டுப்பாடு தேவை என்று மத்திய உள்துறை 2021 ஏப்ரல் 29-இல் அறிவித்தது. அடுத்த மாதம் 21-ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது.

நெசவாளர் தயங்குவதன் காரணம் அறியாமை அன்று. தெரு அடைபட்டால் பாவு நீட்ட இயலாது. சேலை முடியாவிடில் கூலி இல்லை. பிள்ளையார்பாளையமாயினும் ஐயம்பேட்டையாயினும் இதுவே நிலை. ஆகவே, தனித்திருக்கும் குடும்பத்துக்கு அரிசியும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் பரிசோதனைக்கு வற்புறுத்துவது பயன் தராது என்பது என் கருத்து.

குறைந்த விகிதமும் சில வேளை பொய்யுரைக்கும். நலமாய் இருப்பவரையே திரும்பத் திரும்பப் பரிசோதித்தால் விகிதம் இறங்கிவிடும். விரைவுச் சோதனை சில நோயாளிகளைத் தவறவிடும். மேலும், விகிதம் 25 என்றால் ஊரில் நாலில் ஒருவருக்கு நோய் என்று பொருளாகாது. பரிசோதிக்கப்பட்டவருள் நாலில் ஒருவருக்கு என்பதே பொருள். ஒரு நாள் கணக்கைவிட ஏழு நாள் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதே நலம்.

டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக் காலத்திலும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் உறுப்பினர்கள் இரண்டு எண்களையும் கேட்டு, வாரந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம்.