எஃகின் மேற்பரப்பில் எஞ்சும் தகைவு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் தந்தையார் லேத்துப் பட்டறைத் தொழிலாளி. நான் பள்ளியில் படித்த நாளில், அவர் கடைந்து சாணை பிடித்துக் கொடுத்த அச்சு ஒன்று சில மாதங்களில் முறிந்து திரும்பி வந்தது. அளவு சரியாக இருந்தது. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னியது. “இரும்பு மட்டம்” என்றார் முதலாளி. “வேலை மட்டம்” என்றார் வாங்கியவர். பழி தந்தையாருக்கே வந்தது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அதுவே எஞ்சிய தகைவு.

எஞ்சிய தகைவு என்றால் என்ன?

ஓரலகுப் பரப்பில் செயற்படும் விசை தகைவு எனப்படும். வெளிவிசை நீங்கினால் தகைவும் நீங்கவேண்டும். ஆயினும் வெட்டியும் தேய்த்தும் உருவாக்கிய எஃகில், வெளிவிசை இல்லாதபோதும் அது தங்கிவிடுகிறது. ஒரு பகுதி இழுபட்டிருக்கும். மற்றொரு பகுதி அமுங்கியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வெளியே தெரிவதில்லை. குளிர்நிலையில் இழுத்த கம்பியில் ஒரு பக்கம் மட்டும் கீவே வெட்டினால், அது வளைந்துவிடுவதுண்டு. சமநிலை குலைவதே காரணம்.

எவ்வாறு தோன்றுகிறது?

சாணைக்கல்லின் உராய்வால் மேற்பரப்பு கடுமையாகச் சூடாகிறது. எஃகின் நீள்விரிவெண் டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000012. வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால் மேலடுக்கு 0.006 பங்கு விரிய முயலும். அடியிலுள்ள குளிர்ந்த எஃகு அதைத் தடுக்கும். யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன் எனக்கொண்டால், மீட்சித்தன்மை நீடிக்கும்பட்சத்தில் அமுக்கத் தகைவு 1,200 நியூட்டன் ஆகவேண்டும். மென் எஃகோ 250 நியூட்டன் அளவிலேயே நெகிழ்ந்துவிடும். ஆகவே மேலடுக்கு நிலையாகக் குறுகுகிறது. ஆறும்போது இன்னும் சுருங்க முயன்று, அடிப்பகுதியால் இழுத்துப் பிடிக்கப்படுகிறது. இவ்வாறு இழுதகைவு எஞ்சுகிறது.

இதனால் வரும் தீங்கு

சுழலும் அச்சு வளைவிசை தாங்கும்போது, அதன் மேற்பரப்பு மாறிமாறி இழுபட்டும் அமுங்கியும் களைக்கிறது. விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தொடங்கும். வேலைப்பளுவால் 150 நியூட்டன் இழுதகைவு உண்டாகும் இடத்தில் எஞ்சியது 80 எனில், மொத்தம் 230. எஞ்சியது அதே அளவு அமுக்கத் தகைவாயின் மொத்தம் 70 மட்டுமே! இதற்காகவே வாகன வில்பட்டைகளின்மீது சிறு எஃகுமணிகளை வேகமாக மோதச்செய்து, வேண்டுமென்றே அமுக்கத் தகைவை ஊட்டுகின்றனர்.

கண்டறிதலும் தவிர்த்தலும்

பிராக் தந்தையும் மகனும் 1915-இல் நோபல் பரிசு பெற்ற எக்ஸ்-கதிர் ஆய்வே இங்கும் துணை. தகைவால் அணுத்தளங்களின் இடைவெளி சிறிது மாறும். விளிம்பு விளைவுக் கோணமும் மாறும். அம்மாற்றத்திலிருந்து தகைவைக் கணக்கிடலாம். தவிர்க்கும் வழிகள் எளியவை: சாணைக்கல்லைக் கூராக வைத்தல், சிறிது சிறிதாகத் தேய்த்தல், குளிர்நீர்மத்தைத் தாராளமாக விடுதல்.

அந்த அச்சை எவரும் சோதிக்கவில்லை; எனவே அது முறிந்த காரணத்தை நான் அறுதியிட்டுக் கூற இயலாது. இக்கட்டுரையைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். “அவசரப்படாம, தண்ணி விட்டுத் தேய்னு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்லுவார். ஏன்னு சொன்னதில்லை. அன்னைக்கு அவசரம்னு முதலாளி நின்னாரு” என்றார்.