கெடாரில் சர்வர் வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு

1. கணினி வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுமுன் வீட்டு இணைப்பைப் பாருங்கள். ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியின் செட்டிங்ஸில் வான் ஐபி என்று ஒன்று இருக்கும். அது 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் நேரடியாக உங்கள் சர்வருக்கு வர முடியாது. எவ்வளவு விலையுள்ள ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது. நிலையான ஐபி தருவார்களா, ஐபிவி6 உண்டா என்று இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மாத வாடகைக்குச் சின்ன வி.பி.எஸ். (வாடகை சர்வர்) ஒன்றை எடுத்து, வயர்கார்டு என்ற வி.பி.என். மூலம் வீட்டுச் சர்வரை அதோடு இணைத்துவிடலாம். பணத்தை முதலில் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான்.

2. புதுப் பெட்டி வேண்டாம், பழைய லேப்டாப் போதும். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகிறது. வீட்டுக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். 15 வாட் லேப்டாப்புக்கு 22 யூனிட்கூட ஆகாது. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கினாலே போதும், கரண்ட் போகும்போது சர்வர் சட்டென்று அணையாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இன்னும் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் மெமரி கார்டை நம்பி வைக்காதீர்கள். அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊரில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

3. காசு கொடுக்குமுன் பென்டிரைவில் லினக்ஸையோ ஃப்ரீ பிஎஸ்டியையோ ஏற்றிக்கொண்டு போய், கடையிலேயே பூட் செய்யச் சொல்லுங்கள். லேன் கேபிளைச் சொருகியதும் போர்ட்டில் விளக்கு எரிந்து ஐபி வருகிறதா? அதுதான் சோதனை. பழைய லேப்டாப்பின் வைஃபை சிப்புகளில் சில, முக்கியமாக பிராட்காம், இவற்றில் மல்லுக்கட்டும். சர்வருக்கு வைஃபையே தேவையில்லை, கேபிள் போதும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

4. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஓ.என்.டி.க்கு இல்லை. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று அதற்கு அவசியம். ஓ.என்.டி. அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

5. ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் சர்வரை நோண்டாதீர்கள். ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பச்சைக் கனெக்டரின் முனையில் விரல் படக் கூடாது.