ஐப்பசி மழைக்கு முன் கோலியஸ் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

காலம்: புரட்டாசிக் கடைசி முதல் மார்கழி முடிய
யாருக்கு: மாடி, பால்கனி, வாசல் திண்ணை, வீட்டுத் தோட்டங்களில் கோலியஸ் வைத்திருப்போருக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. கத்திரி வெயிலில்கூடப் பிழைத்த கோலியஸ் இந்த மூன்று மாதத்தில்தான் அதிகம் சாகிறது. போன மழைக்காலத்தில் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதிதான்: அடித்தண்டு கறுத்திருந்தது, வேர் பழுப்பாகிக் குழைந்திருந்தது, இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வந்தது. எல்லாம் தொட்டியில் தண்ணீர் தேங்கி வந்த வேரழுகல். தடுத்திருக்கலாம்.

இந்த வாரமே செய்யுங்கள்

1. தொட்டி, குரோ பேக் இவற்றின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். வேரும் மண்ணும் அடைத்திருந்தால் நீக்குங்கள். துளை இல்லாத அலங்காரத் தொட்டியில் கோலியஸ் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

2. தொட்டிகளைத் தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

3. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். மழைக்காலம் முடியும்வரை தட்டு வேண்டாம்.

4. மண் இறுகியிருந்தால் மாற்றுங்கள். செம்மண், மணல், மண்புழு உரம் சம பங்கு. தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பைகள் மழையில் ஊறிய பஞ்சு போலாகிவிடும். அவற்றில் மணலைக் கலந்து நீர் வடியச் செய்யுங்கள்.

5. பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். பூவுக்கு விட்டால் செடி நீண்டு, அடி இலை கொட்டி மொட்டையாகும். நுனியையும் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.

6. யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலையில் பச்சை கூடி, சிவப்பும் மஞ்சளும் மங்கும்; தண்டும் சாறேறி மென்மையாகி அழுகலுக்கு இடம் கொடுக்கும்.

7. கூரை விளிம்பிலிருந்தும் சன்ஷேடிலிருந்தும் நீர் கொட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் தொட்டிகளை நகர்த்துங்கள். மழை நேரடியாகப் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடம் வேண்டும். இருட்டு மூலையில் வைத்தால் நிறம் போய்விடும்.

8. ஒவ்வொரு ரகத்திலிருந்தும் இரண்டு மூன்று நுனித்துண்டு எடுத்து வையுங்கள். ஒரு விரல் நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் களைந்து, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். தண்ணீர் நிறைந்த புட்டியிலும் வேர் விடும். ஆனால் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தாய்ச்செடி போனாலும் ரகம் கையில் இருக்கும். விதை போட்டு அதே நிறத்தைத் திரும்பப் பெறலாம் என்று நம்பாதீர்கள். கலப்பு ரகங்களின் விதையில் வேறு வேறு நிறம்தான் வரும்.

மறக்கவே கூடாதது: வாடிய இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மேலே சொன்ன எட்டில் ஏதாவது ஒன்றை விட்டாலும் செடி பிழைக்கலாம். இதை விட்டால் பிழைக்காது.

மழைக்காலத்தில் கோலியஸ் இலை தொங்கினால், பெரும்பாலும் அது தாகம் இல்லை. மண்ணில் நீர் நிறைந்து, மண் துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. காற்று கிடைக்காத வேர் செத்துப்போகிறது. செத்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலை வாடுகிறது. ஈர மண்ணில் பெருகும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் மீதி வேரையும் முடித்துவிடுகின்றன. வீட்டில் இருப்பவர் இலையைப் பார்த்து, “ஐயோ, வாடிடுச்சே” என்று ஒரு குவளை நீர் ஊற்றுகிறார். மறுநாள் இன்னும் வாடுகிறது. இன்னொரு குவளை. மூன்றாம் நாள் செடி சாய்ந்துவிடுகிறது. பாசத்தால் கொன்ற செடிகள் இவை. பாசம் போதாது; விரலை மண்ணில் விட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

எனவே, ஒவ்வொரு முறையும்:

— விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள்.
— ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம். இலை எவ்வளவு தொங்கினாலும் வேண்டாம்.
— உலர்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள்.

“தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்” என்று சொல்லாதீர்கள். அந்த வழக்கம் சித்திரைக்குச் சரி, ஐப்பசிக்கு ஆகாது. வேலைக்கார அம்மாவோ பெரியவர்களோ ஊற்றுவார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியே ஊற்றிச் செத்த செடிகளும் உண்டு.

தட்டைப் பற்றி மீண்டும் ஒருமுறை. தட்டில் நிற்கும் நீர் வேரை அழுக வைப்பதோடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவையும் வளர்க்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தரை கறையாகும் என்று தட்டை வைத்திருப்பவர்கள் தரையைக் கழுவிக்கொள்ளட்டும். தட்டை எடுங்கள்.

அழுகல் தொடங்கிவிட்டால்

செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். வெண்ணிற வேர் பாதியாவது இருந்தால் கறுத்தவற்றை வெட்டிவிட்டு, புதிய உலர்ந்த கலவையில் நடுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஒருமுறை ஊற்றலாம். நோய் வருமுன் காக்க விரும்புவோர் சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஊற்றலாம். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தாமிரம் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அடித்தண்டு முழுக்கக் கறுத்திருந்தால் மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம். நல்ல நுனியை வெட்டி நட்டுவிட்டு, மீதியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் வேறு கோலியஸ் நடக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

மாவுப்பூச்சி: இலைக்கணுவில் வெண்பஞ்சாகத் தெரியும். ஈரத்துணியால் துடையுங்கள். வேப்பெண்ணெய் 5 மி.லி., சிறிது சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் நீர். மழையில்லாத மாலையில் தெளியுங்கள்.

நத்தை: இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.

அடிச்சாம்பல் நோய்: இலையில் பழுப்புத் திட்டு, அடியில் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி அகற்றி, தொட்டிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுங்கள்.

கற்பூரவல்லி: கோலியஸின் நெருங்கிய உறவு, இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். சதைப்பற்றான இலையும் தண்டும் நீர் தேங்கினால் விரைவில் அழுகும். சேலம், தர்மபுரிப் பக்கம் இன்னொரு உறவான மருந்துக்கூர்க்கன் பயிரிடும் விவசாயிகளைக் கேளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு வேரழுகல் எவ்வளவு பெரிய எதிரி என்று சொல்வார்கள்.

நீலகிரி, கொடைக்கானல்: நவம்பர் பிற்பகுதி முதல் உறைபனி வரும். கோலியஸ் பனி தாங்காது. மாலைக்குள் வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். சன்னல் ஓரம் போதும்.

மழை தொடங்க இன்னும் சில நாள் இருக்கிறது. துளையைக் குத்த ஐந்து நிமிடம், தட்டை எடுக்க ஒரு நிமிடம். செய்யாமல் விட்டுவிட்டு மார்கழியில் கறுத்த தண்டோடு வந்து மருந்து கேட்காதீர்கள். அதற்கு மருந்து இல்லை.