அஞ்சல் சர்வரின் தொடர்பு முறிவும் அதனை ஆராயும் முறையும்

லீனக்ஸ் கணினியில் நடைபெறும் அஞ்சல் சர்வர் ஒன்று திடீரென விடையளியாது நின்றுவிடின், அதனைச் செப்பனிடப் புகுவோர் முதற்கண் ஆராயவேண்டுவது யாது? பெரும்பாலோர் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பர். சிலர் மென்பொருளையே அழித்து மீண்டும் நிறுவுவர். இவ்விரண்டும் முதலிற் செய்யத்தக்கன அல்ல என்பதை, யாம் நேரிற்கண்ட நிகழ்ச்சியொன்றைக் கொண்டு விளக்குவோம்.

1964-ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எம் நண்பர் ஒருவர் லேத் பட்டறை நடத்துகிறார். பட்டறையின் விலைப்புள்ளிகளும் வரைபடங்களும் கடிதங்களும் மூலையிலுள்ள லீனக்ஸ் கணினி ஒன்றிலேயே சேர்ந்திருந்தன. அதில் அஞ்சலை ஏற்பதும் அனுப்புவதும், 1998-இல் வீட்ஸே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸின் பணி. வந்தவற்றை மேசைக் கணினிகளுக்கு எடுத்துக் கொடுப்பது டவ்காட். ஐப்பசி மழையில் ஓரிரவு மின்சாரம் நின்று மீண்டது. மறுநாட் காலையில் எந்த மேசையிலும் அஞ்சல் திறக்கவில்லை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்னும் விடையே வந்தது. ஆவடியிலிருந்து வரவேண்டிய ஆணையொன்றுக்கு அன்று மாலைக்குள் இசைவு தெரிவிக்காவிடின் அது பிறர் கைக்குச் சென்றுவிடும். பூவிருந்தவல்லியிலிருந்து யாம் போய்ச் சேர்ந்தபொழுது, அங்கிருந்த இளைஞர் வட்டை முற்றும் துடைத்துவிட ஆயத்தமாயிருந்தார். நகல் உண்டோ என வினவினோம், இல்லையென்றார். சற்றுப் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டோம்.

மறுப்பும் மௌனமும் ஒன்றல்ல என்பதை மாணவர் நன்கு மனத்திற் கொள்க. ஒரு வீட்டின் கதவைத் தட்டுகின்றோம். ‘இங்கு அப்பெயருடையார் இல்லை’ என்று குரல் வருமாயின், வீட்டில் ஆளுண்டு என்பது துணிவு. குரலே எழாதாயின், வழி அடைபட்டிருக்கலாம், அல்லது வீடே வெறுமையாயிருக்கலாம். கணினியிலும் அவ்வாறே. மறுப்பு வருமாயின் அவ்விலாசத்தில் ஏதோ ஒரு கருவி உயிரோடிருக்கின்றது. நாம் தட்டிய போர்ட்டிலே செவிகொடுப்பார் இல்லை. நெடுநேரம் காத்தும் ஒன்றும் வாராதாயின் தீச்சுவர் எனப்படும் ஃபயர்வாலையே பெரும்பாலும் ஐயுறவேண்டும்.

ஆகவே முதலில் சர்வரின் முன்னரே அமர்ந்து, அதன் 25-ஆம் போர்ட்டைத் தட்டினோம். 220 என்னும் எண்ணோடு வரவேற்பு வந்தது. ‘எஸ்எஸ்’ என்னும் கட்டளையும் 25, 587, 993 ஆகிய போர்ட்டுகள் திறந்திருப்பதையே காட்டிற்று. மென்பொருளில் யாதொரு பழுதுமில்லை! அங்ஙனமாயின் மறுத்தவர் யார்?

மேசைக் கணினியில் சர்வரின் பெயருக்குரிய விலாசத்தைக் கேட்டோம், 192.168.1.20 என்றது. சர்வரைக் கேட்டால் தன் விலாசம் 192.168.1.24 என்றது. பழைய விலாசத்தை உலாவியில் திறந்தோம். அச்சுப்பொறியின் முகப்பு தோன்றிற்று! மின்சாரம் மீண்டபொழுது ரௌட்டர் விலாசங்களைப் புதிதாகப் பங்கிட்டு, சர்வருக்குரியதை அச்சுப்பொறிக்கு அளித்துவிட்டது. அப்பாவி அச்சுப்பொறி, அஞ்சலை அறியாதாகலின் உண்மையே கூறி மறுத்தது. இளைஞர் சிரித்தார், நண்பர் சிரிக்கவில்லை.

சர்வருக்குப் பழைய விலாசத்தையே நிலையாக ஒதுக்கி, இரண்டையும் மீளத் தொடங்கினோம். வேலை பத்து நிமிஷங்களில் முடிந்தது.

விலாசம் சரியாயிருந்தும் மறுப்பு வருமாயின், சர்வர் தன்னிடத்தேயுள்ள 127.0.0.1 என்னும் உள்விலாசத்தில் மட்டும் செவிகொடுக்கின்றதா என்று பார்க்க. சில லீனக்ஸ் வகைகளில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவப்படும்பொழுதே அவ்வாறு அமைந்திருக்கும். வெளியே அனுப்புங்கால் மட்டும் மௌனமாயின், இணையச் சேவையாளர் 25-ஆம் போர்ட்டை அடைத்திருத்தலும் உண்டு. தொடர்பு கிட்டியபின் கடவுச்சொல்லை ஏற்காமை வேறு நோய். அதனை இதனோடு கலக்கலாகாது.

ஆவடியார் காலையில் விடுத்த ஆணை என்னாயிற்று என நண்பர் கவன்றார். மறுக்கப்பட்ட அஞ்சலை அனுப்பும் சர்வர் உடனே எறிந்துவிடுவதில்லை. வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வரை அங்ஙனம் வைத்திருக்கும். பிற்பகல் மூன்று மணியளவில் அவ்வாணை தானே வந்து சேர்ந்தது. இளைஞர் அதற்கு முன்பே ஒரு புதிய வட்டில் நகலெடுக்கத் தொடங்கியிருந்தார்.