பட்டயம் என்பது யாது?

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை 'டிப்ளமோ' வகுப்பில் சேர்க்கலாமா என அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். அச்சொல்லின் பொருளையும் பயனையும் இங்கு ஆராய்வோம்.

டிப்ளமோ என்பது கிரேக்கச் சொல். இரண்டாக மடித்தது என்று பொருள்படும். ரோமாபுரி அரசு, நெடுநாள் சேவை செய்து விலகிய துணைப்படை வீரருக்குக் குடியுரிமை வழங்கியதை இரண்டு வெண்கலத் தகடுகளில் பொறித்துக் கொடுத்தது. நம் நாட்டு மன்னர்கள் கொடையைச் செப்பேட்டில் பொறித்தனர். அதனையே நாம் பட்டயம் என்கிறோம். பிற்காலத்தில் ஐரோப்பியர், பதனிடாமல் சுண்ணாம்பிலிட்டு, இழுத்துக் கட்டி உலர்த்திய ஆட்டுத்தோலில் சான்றிதழ் எழுதினர். அமெரிக்கர் பேச்சுவழக்கில் அதற்கு 'ஆட்டுத்தோல்' என்றே பெயர். ஆம்பூர், பேரணாம்பட்டு அன்பர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்!

பட்டயம் கைத்திறனை உண்டாக்குவதில்லை. நூலை விரலால் தடவியே தரம் சொல்லும் குடியாத்தம் நெசவாளரிடம் எந்தத் தகடும் இல்லை. ஆயினும் அவரை அறியாத ஊரில் அவர் திறமைக்குச் சாட்சி யார்? அந்நியரிடம் நமக்காகப் பேசும் சாட்சியே பட்டயம். சாட்சியை மன்றம் ஏற்கவும் வேண்டுமன்றோ?

வேலூரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்குப் பயின்றோர் எல்.எம்.பி. என்னும் பட்டயம் பெற்று மருத்துவராயினர். 1938-இல் அரசாங்கம் இனிப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று விதித்தது. ஆசிரியரும் நோயாளரும் மருத்துவமனையும் முன்போலவே இருந்தும், பள்ளியின் எதிர்காலமே ஐயத்துக்குள்ளாயிற்று. மேலும் ஆசிரியர், படுக்கை, பொருள் யாவும் திரட்டிய பின்னர், 1942-இல்தான் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பெற்றனர்.

இன்று பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்றவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். சேலத்தில் 1960-இல் தோன்றிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் பட்டயம் அளிக்கிறது. சங்கப் பணிக்குக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் உதவும்.

ஆனால் வண்ணத்தாளில் அச்சிட்ட சான்றிதழ் அனைத்தும் பட்டயமாகா. தறி அடகு வைத்துக் கட்டணம் கட்டுமுன், நிறுவனத்தின் அங்கீகார ஆணையைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பாலிடெக்னிக் எனில், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் அதற்கு உண்டா என வினவுக. ஆணையிலுள்ள ஆண்டையும் கவனிக்க. ஒப்புதல் குறிப்பிட்ட காலத்துக்கே அளிக்கப்படுகிறது.